இருபது வருட முடி

புது ஆல்பம் வெளிவந்த வாரமே பிரிட்டனில் முதலிடம் பிடித்துவிட்டது. ஸ்டாக்போர்ட்டில் ராக் பாடகன் கிளைவின் வீட்டு போன் ஓயவில்லை; டிசம்பர் வரை எல்லாச் சனிக்கிழமையும் கச்சேரி. அவனோ கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

"டீ ஆறுது, உக்காரேன்," என்றாள் மனைவி மொரீன்.

"பன்னெண்டு பாட்டு! ஒண்ணுகூட என் தொண்டைக்குத் தோதா இல்ல."

"பாடப் பாடப் பழகிடும். முதல்ல தலையக் குனி." அவள் கையில் முடிவெட்டும் மெஷின்.

"இருபது வருஷமா வளர்த்த முடி, மொரீன்! ஞாயித்துக்கிழமை நம்ம மகளுக்குக் கல்யாணம். மொட்டைத்தலையோடவா சர்ச்சுல நிப்பேன்?"

மொரீன் ஆல்பத்தின் அட்டையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நிஜப் பாடகரே மொட்டையடிச்சிட்டாரு. அவரை மாதிரி பப்புல வேஷம் கட்டிப் பாடுற உனக்கு எதுக்குய்யா முடி?"