டப்பாவோடு வந்த மருந்து

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்துக்காகச் சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், பஸ் இல்லை. பூச்சிமருந்துப் பயிற்சிக்கான படங்களைச் சுருட்டி அக்குளில் இடுக்கியபடி கள்ளக்குறிச்சியிலிருந்து நடந்தே வந்த நான், வடக்கனந்தல் பருத்திக் கொல்லையின் வரப்பிலேயே நின்றுவிடுகிறேன். வெயில் ஏறுகிறது. மருந்தடிக்க வந்த ஆறு பேர் தெளிப்பானோடு காத்திருக்கிறார்கள். நிலக்காரர் பூமாலை வழக்கம்போல மருந்தைச் சாராய பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டுகிறார். போன வாரம் என் வகுப்பில் கடைசியில் உட்கார்ந்திருந்த ஜெயம்மாள், மருந்து கலக்குபவள், அதைத் தொடவில்லை. "டப்பாவோட குடுங்க." "இன்னா ஜெயம்மா, ரெண்டுலயும் அதே மருந்துதான்." "பாட்டில்ல படம் இல்லீங்களே. எவ்ளோ வெசம்னு எங்களுக்கு எப்டித் தெரியும்?" அவர் முறைக்கிறார். ஒருவரும் அசையவில்லை. பூமாலை சைக்கிளை மிதித்து வீட்டுக்குப் போய் டப்பாவை எடுத்துவருகிறார். அதில் மண்டையோடு, அதன் கீழே பளீரென்று சிவப்பு. "செவப்பு. ரொம்ப ஜாஸ்தி வெசம்" என்று எல்லோருக்கும் தூக்கிக் காட்டுகிறாள், எழுத்துத் தெரியாத ஜெயம்மாள். எனக்குக் கால்வலி மறந்துபோகிறது. டப்பாவோடு இருந்த பாதுகாப்புக் குறிப்புத் தாளைப் பிரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பூமாலையே சத்தமாகப் படித்து முடிக்கிறார். என் படங்கள் சுருட்டியபடியே இருக்கின்றன. "இன்னொரு தபா படிங்க" என்கிறாள் ஜெயம்மாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்குகிறார்.