தென்னையில் கொத்திய காதல்

இடி விழுந்து தலை போன தென்னை ஒன்றில், கொண்டையன் என்ற மரங்கொத்தி பவளம் என்ற பச்சைக்கிளி மேல் கொண்ட காதலைக் கொத்திக் கொத்தி எழுதி வைத்தது. ஒரு பெருமூச்சுக்கு ஒரு பொந்து.

ஒருநாள் பவளமே வந்து பொந்துகளுக்குள் தலையை விட்டுப் பார்த்தது. கொண்டையன் கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு கேட்டது:

"எப்படி இருக்கு?"

"பிரமாதம் அண்ணே! சாரல்கூட உள்ளே வராது. நானும் அவரும் நாளைக்கே குடிவந்துடறோம்."

'அண்ணே' என்றதும் கொண்டை சரிந்துவிட்டது.

கிளி ஜோடி மேல் பொந்தில் குடியேற, கொண்டையன் கீழே அழுதுகொண்டே கொத்தியது. மரமே புல்லாங்குழலாகிவிட்டது. காற்றடித்தால் தென்னை புலம்பும். அதைக் கேட்டு அக்கரை எருமைகள் கண்ணீர் விட்டதில் ஆற்றில் வெள்ளம்!

"தூங்க முடியலை அண்ணே!" என்று பவளம் கத்தியது.

புலம்பலைக் கேட்டு அக்கரையிலிருந்து ஒரு பெண் மரங்கொத்தி பறந்து வந்தது. பொந்து பொந்தாக அலகால் தடவிப் படித்தது.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா இந்த இடத்துல பொய். அவ இல்லேன்னா அன்னிக்கே செத்துடுவேன்னு இருக்கு. அப்போ அதுக்குக் கீழே இத்தனை பொந்து யாரு கொத்தினது?"

கொண்டையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேணும்னா திருத்திடறேன்."

"வேண்டாம், ஆள் குடியிருக்காங்க. பக்கத்து மரம் காலியாத்தானே நிக்குது? நீ ஒரு வரி கொத்து, நான் ஒரு வரி கொத்தறேன்."

மேலேயிருந்து பவளம் எட்டிப் பார்த்தது. "அண்ணே, அண்ணியா?"

கொண்டையன் கொண்டையை நிமிர்த்திக்கொண்டு பக்கத்து மரத்துக்குப் பறந்தது.