நடிப்புக்கு நூறு மார்க்

"சார், உங்க நடிப்பு பிரமாதம்!" என்றபடி, பாறையடியில் கிடந்தவர் பக்கத்தில் மண்டியிட்டாள் ஓவிய டீச்சர்.

அவருடைய பேண்ட் முழங்காலுக்குக் கீழே கிழிந்திருந்தது. கெண்டைக்காலில் நீளமாக ஒரு வெட்டு. சிவப்பு வழிந்து ஷூவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"நடிப்பா?" என்று முனகினார் அவர்.

"அப்படித்தான், ஒண்ணும் தெரியாத மாதிரியே பேசுங்க."

முதலுதவிப் பயிற்சியின் கடைசிப் பரீட்சை அது. காட்டுப் பாதையில் தனியாகப் போக வேண்டும். அடிபட்டவராக நடிக்க ஒருவர் எங்கேயாவது படுத்திருப்பார். அவரைக் கண்டுபிடித்து, செய்ய வேண்டியதைச் செய்து, வாக்கிடாக்கியில் பயிற்சியாளரைக் கூப்பிட வேண்டும்.

இதில் தேறினால்தான் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு மலையேற்றம். கூட்டிப்போக வேறு யாரும் முன்வரவில்லை. பெண்களோ இப்போதே பையைக் கட்டி வைத்துவிட்டார்கள்.

டீச்சருக்கு ஒரே ஒரு சிக்கல். ரத்தத்தைக் கண்டால் ஆகாது. கணவர் ஷேவ் செய்யும்போது கன்னத்தைக் கீறிக்கொண்டால், முதலில் தண்ணீர் தெளிக்க வேண்டியது டீச்சர் முகத்தில்தான். "நீ முதலுதவி பண்ணப் போறியா? உனக்கு யாரு பண்றது?" என்று காலையில்கூடச் சிரித்தார் மனிதர்.

நல்லவேளை, இது சாயம். சாயத்தோடுதான் டீச்சருக்குப் பிழைப்பே.

கையுறையை மாட்டிக்கொண்டு, மடித்த துணியைக் காயத்தின் மேல் வைத்து அழுத்தினாள். துணி நனைந்ததும் அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்தினாள்.

"பம்ப்பை எங்க சார் ஒளிச்சு வச்சிருக்கீங்க? வந்துக்கிட்டே இருக்கு!"

"மேடம், நிஜமாவே வலிக்குது."

"வலிக்கட்டும். வலிக்கலைன்னாதான் பயப்படணும்."

பக்கத்தில் ஒரு கேமரா, லென்ஸ் நொறுங்கிக் கிடந்தது. ஒரு பரீட்சைக்காக இவ்வளவு செலவா என்று டீச்சருக்கே மனசு கேட்கவில்லை.

"குருவியைப் படம் எடுத்துக்கிட்டே பின்னால நகர்ந்தேன்... வழுக்கிடுச்சு."

"கதையும் நல்லாத்தான் இருக்கு. காலை அசைக்காதீங்க."

கட்டை இறுக்கிக் கட்டினாள். வாக்கிடாக்கியில் இடத்தைச் சொன்னாள். அவருக்கு உடம்பு நடுங்கியது. தன் ஸ்வெட்டரைக் கழற்றிப் போர்த்திவிட்டு, மறுபடி கட்டின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். அவருடைய கண்கள் செருகின.

"சார், தூங்கக் கூடாது! வீட்ல யார் யார் இருக்காங்க?"

"பொண்ணு... அடுத்த மாசம் பிரசவம்."

"தாத்தா ஆகப் போறவர் இப்படிக் கண்ணை மூடலாமா? என்னைப் பாருங்க. என்ன பேர் வைக்கப் போறீங்க?"

அவர் யோசித்து யோசித்து ஒவ்வொரு பேராகச் சொன்னார். எதுவும் நன்றாக இல்லை என்று டீச்சர் சண்டை போட்டாள். அந்தச் சண்டையில் அவர் விழித்தே இருந்தார்.

ஜீப் வந்து நின்றது. பயிற்சியாளர் ஓடி வந்தார்.

"கால்ல ஆழமான வெட்டு சார். அழுத்திக் கட்டியிருக்கேன். குடிக்க எதுவும் கொடுக்கலை. நல்லாப் பேசுறார்" என்று ஒப்பித்தாள் டீச்சர்.

பயிற்சியாளர் குனிந்து கட்டைப் பார்த்தார். பிறகு படுத்திருந்தவரின் முகத்தைப் பார்த்தார். பயிற்சியாளரின் முகம் வெளுத்தது.

டீச்சர் அதைக் கவனித்தாள். போச்சு, பெண்களுக்கு என்ன பதில் சொல்வது?

"எங்கயாவது தப்புப் பண்ணிட்டேனா சார்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது.

"சார், அடிபட்டவனா நடிக்க வந்தவன் பேசுறேன், அந்த டீச்சர் இன்னும் வரவே இல்லையே!"