சடுகுடு பிறந்த மணல்திட்டு

வறண்ட ஆற்றின் நடுவிலிருந்த மணல்திட்டில் ஒரே ஒரு நாவல் மரம் பழுத்திருந்தது. இக்கரைக் குரங்குகளும் அக்கரைக் குரங்குகளும் அதற்காகத் தினமும் ஒன்றையொன்று கடித்துக் குதறின. இக்கரையில் செவலை என்றொரு பெண் குரங்கு. கடிபட்டு வீங்கிய கையோடு மரமேற முடியாமல் கிடந்த கணவனைப் பார்த்துப் பார்த்து அவளுக்குச் சண்டையே வெறுத்துவிட்டது.

ஒருநாள் அவள் மணலில் ஒரு கோடு கிழித்தாள்.

“நான் தனியா உங்க பக்கம் வர்றேன். யாரையாவது தொட்டுட்டுத் திரும்பினா இன்னைக்குப் பழம் எங்களுக்கு. பிடிச்சு நிறுத்திட்டா உங்களுக்கு.”

அக்கரைத் தலைவன் கொம்பன் நம்பவில்லை. “வந்து கடிச்சிட்டு ஓடிட்டா?”

“மூச்சு விடாம ‘நாவல் நாவல்’னு சொல்லிக்கிட்டே வர்றேன். பேசுற வாய் எப்படிக் கடிக்கும்? சொல்றதை நிறுத்தினா நான் தோத்தேன். நீங்களும் கையாலதான் பிடிக்கணும்.”

‘நாவல் நாவல்’ என்றபடி அவள் கோட்டைத் தாண்டினாள். கொம்பன் பாய்ந்து அவள் காலை வாரிப் பிடித்தான். மூச்சு முட்டி, வாய் அடங்கியது. கடி விழப்போகிறதென்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். விழவில்லை. “தோத்துட்டே!” என்று அவன் சிரிப்பதுதான் கேட்டது.

பழம் போனது. ஆனால் அன்று யாருக்கும் காயமில்லை. மறுநாளும் அப்படியே ஆடினார்கள், அதற்கு மறுநாளும்.

பருவம் முடிந்து மரம் காலியானது. அன்று சாயங்காலமும் கொம்பன் தன் கூட்டத்தோடு வந்து நின்றான்.

“பழமே இல்லையே, எதுக்கு வந்தே?” என்றாள் செவலை.

“பழத்துக்கா வந்தோம்?” கொம்பன் தலையைச் சொறிந்தான். “உன் பக்கம் ஆள் குறையுது. என் மகனைச் சேர்த்துக்கோ. நல்லா மூச்சுப் பிடிப்பான்.”