இறந்தவரின் எண்

செத்தவரின் கைபேசி உயிரோடுதான் இருந்தது. அதன்மேல் டீயைக் கவிழ்த்துச் சாகடித்தவன் நான். பேருந்தில் அடிபட்ட அந்த மனிதரிடம் வேறு அடையாளமே இல்லை. “பெரிய துப்பறியும் புலிய்யா நீ,” என்றார் இன்ஸ்பெக்டர். “சிம்மைக் கழட்டி உன் போன்ல போடு. யாராவது கூப்பிடுவாங்க. ஆள் வரலைன்னா அனாதைப் பிணம்தான்.” என் பட்டன் போன், அதை விற்ற கம்பெனியின் சிம்மை மட்டுமே ஏற்கும். நல்லவேளை, செத்தவருக்கும் அதே கம்பெனி. எங்களுக்குள் அந்த ஒரு பொருத்தமாவது இருந்தது. சிம்மில் ஒரு பெயர்கூடப் பதிந்திருக்கவில்லை. முதலில் கூப்பிட்டவன், “எங்கடா இருக்க?” என்றான். ஸ்டேஷன் என்றதும், “ராங் நம்பர் சார்.” அடுத்தவர், “அவரை எனக்குத் தெரியவே தெரியாதுங்க,” என்றார், கூப்பிட்டதே அவர்தான். திரும்ப அடித்தால் இருவருமே ஸ்விட்ச் ஆஃப். மூன்றாவதாக ஒரு பெண்.

“கோவம் தீந்துச்சா? சாப்பிட வாங்க.”

இந்தமுறை உஷாராக, “நான் அவர்கூட வேலை செய்யறவன்மா,” என்றேன்.

“அவரு வேலைக்குப் போயே ஒரு வருஷம் ஆவுது. நீங்க போலீஸா?”

“ஆமாம்மா.”

“உசுரு இருக்கா?”

மேஜையெல்லாம் பேனாவைத் தேடினேன். அது என் சட்டைப் பையில்தான் இருந்தது.

“நீங்க அவருக்கு என்ன வேணும்மா?”

“பொண்டாட்டி. காலைல செத்துத் தொலைன்னு சொன்னவ. எழுதிக்குங்க சார், அவரு பேரு சற்குணம்.”