ஒரு எண், ஒரு முகம்

"அடுத்து நீங்க வாங்க" என்றார் பயிற்சியாளர்.

அவள் எழவில்லை. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மென்பொருள் கம்பெனியின் பயிற்சி வகுப்பு அது. முன்வரிசைக்காரர்கள் போய் வந்துவிட்டார்கள். கேமராவுக்கு முகத்தைக் காட்டித் திரையில் தங்கள் பெயரைத் தொட்டார்கள். பயிற்சியில் சேரும்போது கொடுத்த ஆதார் எண் தானாக வந்து நின்றது. 'இவர் காப்பீட்டில் இல்லை' என்றது திரை. சிரித்துக்கொண்டே திரும்பினார்கள்.

கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள், பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் காப்பீட்டில் எப்படி இருப்பார்கள்?

அவள் இருந்தாள்.

அவள் பெயரில், அவள் எண்ணில், தங்கை தாரணி ஐந்து வருடமாகத் தைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா செத்த வருடம் அது. காலேஜில் சேர்ந்துவிட்ட பெரியவளை நிறுத்த வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை. சின்னவளுக்கு வேலைக்குப் போக வயசு பத்தவில்லை. கம்பெனிக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட், "பெரியவ ஆதார் காப்பியக் குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றான். திருப்பூரில் அப்படி எத்தனையோ பேர். பதினெட்டு முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்றான். மாற்றினால் அதுவரை பார்த்த சர்வீஸ் எல்லாம் போய்விடும் என்று பிறகு அவனே சொன்னான். அப்படியே விட்டுவிட்டார்கள்.

அக்காவின் காலேஜ் ஃபீஸ் முழுக்க அந்தத் தையல் மிஷினிலிருந்து வந்ததுதான்.

அந்தத் தங்கை இப்போது ஆஸ்பத்திரியில், குடல்வால் சீழ் பிடித்துச் சுருண்டு கிடந்தாள். காப்பீட்டு ஒப்புதல் வந்துவிட்டால் சாயங்காலத்துக்குள் ஆபரேஷன். தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா கூட இருந்தாள்.

"நீ கெளம்புக்கா. இன்னிக்குப் போகலீன்னா கெடைக்கப்போற வேல போயிருமில்ல?" என்று அவளை வகுப்புக்குத் துரத்தியதே தாரணிதான்.

ஒரே எண்ணில் இரண்டு முகங்கள் இருந்தால் காட்டிக்கொடுக்கும் நிரல் அது. எழுதியவள் இவளே. புதிதாகச் சேர்பவர்களுக்கு மட்டும்தான் என்று சொன்னார்கள். அதை நம்பி எழுதினாள். நன்றாகவே எழுதினாள். கெட்டிக்காரி.

இன்று காலை வந்ததும் வராததுமாகப் பயிற்சியாளர், "பழைய ஆளுங்களையும் சேர்த்தாச்சு. இன்னிலேர்ந்து லைவ். முதல்ல நம்ம மூஞ்சியையே வெச்சுப் பாத்துருவோம்" என்றார். டீ சாப்பிடலாமா என்று கேட்பதுபோலத்தான் சொன்னார்.

"என்னங்க, கூச்சமா? வாங்க வாங்க."

போனாள். கேமராவைப் பார்த்தாள். பெயரைத் தொட்டாள்.

திரை சிவந்தது.

இடப்பக்கம் அவள் முகம். வலப்பக்கம், வேலைக்குச் சேர்ந்த அன்று கம்பெனியில் எடுத்த தாரணியின் முகம். அக்காவின் பச்சைச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு திருதிருவென விழித்தாள். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. அதை யாரும் கவனிக்கவில்லை.

கீழே அவள் பெயர்: கோகிலவாணி. தையல். சிகிச்சைக்கான ஒப்புதல் நிலுவையில்.

பயிற்சியாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா! உங்க பேர்ல ஒருத்தி வேலை பாக்குறா. உங்க பேர்லயே ஆஸ்பத்திரியிலயும் படுத்திருக்கா! ஆள் யாருன்னு தெரியுதா?"

உண்மையைச் சொல்ல நேரம் இருந்தது. எல்லோரும் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சொன்னால் வேலை கிடைக்காது. கார்டைக் கொடுத்தது நீதானே என்று கேஸ்கூட வரலாம். சொல்லாவிட்டால் தங்கைக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டையும் யோசித்தாள். யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"தெரியாதுங்க சார்."

எவ்வளவு சரளமாக வந்தது. பாவி.

வகுப்பே கைதட்டியது. பக்கத்தில் நின்றவள் ஆதரவாகத் தோளைத் தொட்டு, "பாவம்டி நீ" என்றாள்.

"புரோகிராம் உங்களோடது. ஏமாந்ததும் நீங்கதான். அந்த ஒப்புதல நீங்களே நிராகரிச்சிருங்க" என்று பயிற்சியாளர் மவுஸை அவள் பக்கம் நகர்த்தினார். குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிடுகிற மரியாதை அதில் இருந்தது.

அழுத்தினாள்.

டீ இடைவேளையில் போன் வந்தது. தாரணி.

வலியில் குரல் நைந்துபோயிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறாள் என்று புரிந்தது.

"அக்கா, யாரு பேரு கேட்டாலும் கோகிலவாணின்னு டக்குன்னு சொல்லீர்றேன். ஆனா மயக்க ஊசி போட்டா உளறுவாங்களாமே? எம் பேரச் சொல்லி உன்னைய மாட்டி உட்டுருவனோன்னு பயமா இருக்குதுக்கா."

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அழுகை முட்டியது. அழுதால் உள்ளே கேட்கும்.

"பயப்படாத சாமி" என்றாள். "ஊசியெல்லாம் போட மாட்டாங்க."

"நெசமாவாக்கா?"

அந்த வலியிலும் தாரணி சந்தோஷப்பட்டாள்.