அலட்டல்

“மீனுக்குக் குடை பிடிங்க... ஏழு மணி பஸ் ஆத்துல குளிக்குது...”

கட்டிலில் கிடந்த ஜீவன் கூரையைப் பார்த்துப் பேசிக்கொண்டே போனான். கண்டியிலிருந்து வீட்டு உறுதிப் பத்திரம் எழுத வந்திருந்த நொத்தாரிஸ் சுந்தரலிங்கம், என்ன செய்வதென்று தெரியாமல் கதிரையில் உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். இந்தப் பிலிமத்தலாவை வீட்டுக்குள் ஏன்தான் காலை வைத்தோம் என்றிருந்தது அவருக்கு.

“மூணு நாளா காய்ச்சல் அத்தான். பினாத்திக்கிட்டே கிடக்காரு. விட்டுருங்களேன்” என்றாள் ஜீவனின் மனைவி துஷானி, அவனுடைய அண்ணன் ரமேஸிடம்.

“நீ வாய மூடு!” என்றான் ரமேஸ். “நாளைக்கு எனக்குக் கட்டார் பிளைட். வீட்டுல இவன் பாதியையும் இன்னிக்கே என் பேருக்கு எழுதணும். போன மாசம் யோசிக்கணும்னான். அன்னைக்கு அலுமாரிக் கண்ணாடிய மட்டும்தான் ஒடைச்சேன்.”

ரமேஸ் பேனையை நீட்டினான். ஜீவனின் வலது கை மெல்லப் போர்வைக்குள் போனது.

சுந்தரலிங்கம் குனிந்தார். “தம்பி, உங்கட பேர் என்ன?”

“கம்பளை ஸ்டேஷன்.”

“எந்த வீட்டை எழுதிக் குடுக்கப் போறீங்கள் எண்டு தெரியுமோ?”

“தெரியும். நிலாவுக்குப் பின்பக்கம், மூணாவது கேட்டு. நாய் இருக்கு, பாத்துப் போங்க.”

சுந்தரலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். “இவர் அலட்டுறார்.”

ரமேஸ் துள்ளி எழும்பினான். “கேட்டியா துஷானி? அலட்டுறானாம்! எல்லாம் நடிப்பு, பந்தா! ஐயாவே கண்டுபிடிச்சிட்டாரு. எழும்புடா நாயே!”

கட்டில் காலில் ஓர் உதை விட்டான். துஷானியின் முகத்தில் ரத்தமே இல்லை.

“பொறுங்கோ, பொறுங்கோ. நீங்கள் பிழையா விளங்கிட்டீங்கள்” என்றார் சுந்தரலிங்கம். “உங்கட பக்கம் அலட்டல் எண்டா பந்தா. எங்கட பக்கம் தலைகால் இல்லாமக் கதைக்கிறது. புத்தி தெளிவில்லாத ஆளிட்ட நான் கையெழுத்து வாங்கேலாது. என்ர லைசன்ஸ் போயிடும்.”

“ஒங்க பாஷையில தீய வைக்க!” ரமேஸ் உறுதித் தாளைப் பறித்து இரண்டாகக் கிழித்தான். “திரும்பி வர ரெண்டு வருசமாகும். வந்து வச்சிக்கிறேன் ஒங்க எல்லாரையும்!”

கதவு அறைந்த வேகத்தில் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது. வெளியே வேன் உறுமிக் கிளம்பி, சந்தி தாண்டிப் போய்விட்டது.

சுந்தரலிங்கம் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். பின்னால் கட்டிலிலிருந்து ஒரு குரல், ஓர் எழுத்துப் பிசகாமல் கேட்டது.

“ஐயா, நீங்க எந்த ஊரு அலட்டலச் சொன்னீங்க?”